நிறையாத குழி

யாழ்ப்பாணத்தில் வீடு பார்க்கப் போகிறவர்களிடம் வீட்டுக்காரர் பெருமையோடு சொல்கிற ஒரு வசனம் உண்டு: “இருபது வருஷமாச்சு, குழி ஒருநாளும் நிறைஞ்சதில்லை.” கொக்குவிலில் இருக்கும் எங்கள் வீட்டைப் பற்றி நானும் அதையே சொல்லித்தான் வாடகைக்கு விட்டேன். நான் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஐந்தாம் மாடியில். ஒரு கார்த்திகையில் மழை ஒரு கிழமை விடாமல் அடித்தபோது வாடகைக்கு இருக்கும் பிள்ளை போன் எடுத்தாள். குளியலறையில் விட்ட தண்ணீர் இறங்கவில்லையாம். கொமட்டுக்குள் குளுகுளு என்று சத்தம் கேட்கிறதாம். இரவு பஸ் பிடித்தேன்.

குழி இறைக்கும் பவுசரோடு வந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் அலவாங்கால் மூடிக்கல்லை நெம்பி விலக்கிவிட்டு, காற்று வெளியேறட்டும் என்று தள்ளி நின்றார். பிறகு நீளத் தடியொன்றின் நுனியில் பழைய வெள்ளை வேட்டித் துண்டைச் சுற்றி உள்ளே இறக்கினார். தடி அடியில் முட்டியதும் தூக்கிப் பார்த்தால் வண்டல் எவ்வளவு உயரத்துக்குக் கிடக்கிறது என்று துணியில் கறுப்பாகத் தெரியும். வண்டலும் மேலே மிதக்கும் படையும் சேர்ந்து தொட்டியின் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டால் இறைக்க வேண்டும். உலகம் முழுவதும் இந்தச் சோதனை இவ்வளவுதான். துணி மேலே வந்தது. அதில் கறுப்பு மிகக் குறைவு.

“அடி கட்டேல்லை அண்ணை. தடி கல்லிலதான் முட்டுது” என்றார். பிறகு எழும்பிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து குழியைப் பார்த்தார். “ரெண்டும் ஒரே மட்டத்தில நிக்குது. இது டாங்க் இல்லை, உங்கட ரெண்டாவது கிணறு.”

அளவுநாடா பிடித்தோம். குழியிலிருந்து எங்கள் கிணற்றுக்கு 52 அடி. மதிலுக்கு அந்தப் பக்கம் சின்னம்மா வீட்டுக் கிணற்றுக்கு 23 அடி. சின்னம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, எல்லாருக்கும் தேத்தண்ணி போடவா என்று கேட்டார்.

ஒழுங்காகக் கட்டிய தொட்டி மூன்று நாலு வருடத்தில் நிறைந்தே ஆகும். நிறையாத குழி என்றால் ஒழுகுகிற குழி. இதை எங்களில் பெரும்பாலானோர் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறோம். மேசன்மாருக்கும் அது தெரியும். அடி போடாமல் விட்டால் வீட்டுக்காரர் பிறகு வந்து குறை சொல்ல மாட்டார், சீமெந்தும் மிச்சம். அன்று தொடக்கம் இந்தக் கேள்வியின் பின்னால் திரிந்தேன்: வீட்டு மலக்குழியை யார், எப்போது, என்ன கணக்கில் சோதிக்க வேண்டும்? இலங்கையில் அந்தச் சோதனை எங்கே நின்றுபோகிறது? வேறு ஊர்களில் என்ன செய்து பார்த்தார்கள்?

வெள்ளவத்தையில் இருப்பவனுக்குக் குழி என்ற நினைப்பே வராது. கொழும்பு மாநகரத்தின் நிலத்தடிக் கழிவுக் குழாய்கள் வெள்ளைக்காரன் காலத்தவை, நூறு வயது தாண்டியவை. வடக்குப் பாதியின் கழிவு முகத்துவாரத்தாலும் தெற்குப் பாதியின் கழிவு வெள்ளவத்தையாலும் கடலுக்குள் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடப்பட்டது, சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல், பல தசாப்தங்களாக. வடக்குப் பாதியில் இருக்கும் கொட்டாஞ்சேனைக்காரருக்கும் தெற்குப் பாதியில் இருக்கும் எங்களுக்கும் உள்ள ஒற்றுமைகளில் இதுவும் ஒன்று. ஒரு குடும்பம் இருந்த வளவில் இப்போது நாற்பது வீட்டுத் தொடர்மாடி நிற்கிறது. குழாய் பழைய குழாய். மழை நாளில் காலி வீதிப் பாலத்தடியில் கால்வாயின் மணத்தை வைத்தே எங்கேயோ ஏதோ தப்பி ஓடுகிறது என்று தெரியும். பேரை வாவியின் பச்சை நிறத்துக்கும் காரணம் இதே வகைதான்: மழைநீர் வாய்க்காலுக்குள் களவாகக் கொழுவிய கழிவுக் குழாய்கள். ஆனால் கொழும்பு இந்த வாவியிலும் கால்வாயிலும் குடிப்பதில்லை. குடிதண்ணீர் அம்பத்தளையில் களனியிலிருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. லபுகமவை 1880களில் கட்டியவர்கள் அதைச் சுற்றியிருந்த காட்டை ஒதுக்கி, வீடு வாசல் இல்லாமல் வைத்தார்கள். குழியைச் சோதிக்கிற தொல்லையே வேண்டாம், குழியே இருக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. எல்லா ஊருக்கும் அப்படி ஒரு காடு கிடைக்காது.

நாடு முழுவதும் பார்த்தால் குழாய்வழிக் கழிவகற்றல் கிடைத்தவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். மிச்சப் பேர் குழியை நம்பி இருக்கிறார்கள். அதிலும் யாழ்ப்பாணத்தின் நிலை தனி. அங்கே வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறு மழைக்கு ஓடி மாசியில் காணாமல் போகும். குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பது எல்லாம் மழை நிலத்துக்குள் சேமித்துவைத்த தண்ணீரில். கொக்குவில் அடங்கிய வலிகாமப் பகுதிக்கு அடியில் இருக்கும் சேமிப்பும், குழியிலிருந்து இறங்குவது போய்ச் சேருகிற இடமும் ஒன்று.

நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா விதியும் நிலத்தில்தான் சறுக்குகிறது. செப்டிக் டாங்க் கழிவைச் சுத்தமாக்குவதாக நினைக்கிறோம். அது செய்வது பாதி வேலை: பாரமானதை அடியில் படியவிடும், கொழுப்பை மேலே மிதக்கவிடும், நடுவிலிருக்கும் கலங்கல் நீரை உறிஞ்சு குழிக்கு அனுப்பும். அந்த நீரில் நோய்க் கிருமிகள் உயிரோடு இருக்கும். மீதிப் பாதி வேலையைச் செய்வது மண். ஈரம் நிரம்பாத மண்ணின் துவாரங்களில் காற்று இருக்கும். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நோய்க் கிருமிகளைத் தின்னும், மண்துணிக்கைகள் வைரசைப் பிடித்து வைக்கும். இரண்டு மூன்று அடி நல்ல மண் போதும், பெரிய அதிசயம் நடக்கும். கொக்குவிலில் செம்மண் எவ்வளவு ஆழம்? மண்வெட்டி சில இடங்களில் இரண்டாம் வெட்டிலேயே கல்லில் முட்டும். அதற்குக் கீழே மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்தும் குகையுமாக. புத்தூர் நிலாவரைக் கேணியின் ஆழத்தையும் கீரிமலையில் கடலோரத்தில் பொங்கும் நன்னீரையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கல் எப்படித் தண்ணீரைக் கடத்துகிறது என்று சொல்லத் தேவையில்லை. மண்ணில் ஒரு நாளைக்கு ஒரு சாண் நகரும் தண்ணீர், வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக் கல்லில் நூற்றுக்கணக்கான மீற்றர் ஓடிவிடலாம்.

கிணற்றுக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம் என்று யாழ்ப்பாணத்தில் எவரைக் கேட்டாலும் 50 அடி என்பார்கள். தூரத்தால் அளப்பது உலக வழக்கம்தான். பேரிடர் உதவி நிறுவனங்கள் பின்பற்றும் ஸ்பியர் நியமம் 30 மீற்றர் என்கிறது, குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வெடிப்புள்ள பாறையும் சுண்ணாம்புக்கல்லும் என்றால் இன்னும் தள்ளிவை என்கிறது. ஜேர்மனி வேறு விதமாக யோசித்தது. அங்கே குடிநீர்க் கிணறுகளைச் சுற்றிய உட்பாதுகாப்பு வட்டத்தை நாளால் அளக்கிறார்கள்: ஒரு துளி தண்ணீர் கிணற்றை வந்தடைய 50 நாள் எடுக்கும் எல்லை. அவ்வளவு காலத்துக்குள் பெரும்பாலான கிருமி செத்துவிடும் என்பது கணக்கு. அங்கேயும் ஐம்பது, இங்கேயும் ஐம்பது. ஆனால் மணலில் 50 நாளுக்குச் சில பத்து மீற்றர் போதுமாக இருக்கும். எங்கள் கல்லில் கிலோமீற்றர் கணக்கில் போகலாம். எங்கள் வீட்டின் 52 அடி எத்தனை மணித்தியாலம் என்று நினைத்துப் பார்க்கவே பயம்.

இரண்டு அபாயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று கிருமி. நெருப்புக் காய்ச்சல் என்று அம்மாமார் சொல்லும் தைபோயிட்டு யாழ்ப்பாண மாவட்டத்தை நெடுங்காலம் விடவில்லை. நாட்டின் கணக்கில் அங்கேதான் அதிகம் என்று பல வருடம் பதிவானது. கிருமிக்கு ஒரு பரிகாரம் கையிலேயே இருக்கிறது: கொதிக்க வைத்தால் செத்துவிடும், குளோரின் போட்டாலும் சாகும். சின்னம்மாவின் தேத்தண்ணியைக் குடித்த தைரியம் எனக்கு அதனால்தான் வந்தது.

இரண்டாவது நைத்திரேற்று. இதைக் கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும், குறையாது. நிறமில்லை, மணமில்லை, உருசியில்லை. பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசன் ஏறவிடாமல் தடுத்து உதடும் நகமும் நீலம்பாரிக்க வைக்கும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துக் கிணறுகள் பல இந்த எல்லையைத் தாண்டுகின்றன என்று 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அப்போது எல்லாரும் யூரியாவைத்தான் குற்றம் சொன்னார்கள், அது நியாயமும்கூட. தோட்டம் இல்லாத நகரப்பகுதிக் கிணறுகளிலும் நைத்திரேற்று கூடியிருந்தபோதுதான் பார்வை குழியின் பக்கம் திரும்பியது.

கணக்குப் போட்டால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்று தெரியும். ஓர் ஆளின் உடலிலிருந்து வருடத்துக்கு வெளியேறும் நைதரசன் ஏறக்குறைய 4 கிலோ, பெரும்பங்கு சிறுநீரில். நாலு பேர் குடும்பத்துக்கு 16 கிலோ. வண்டலோடு போகிறது, காற்றோடு போகிறது என்று பாதியைக் கழித்துவிடுவோம், 8 கிலோ. இதை 50 மில்லிகிராம் எல்லைக்குள் கரைக்க ஏழு இலட்சம் லீற்றர் தண்ணீர் வேண்டும். இரண்டு பரப்புக் காணி சுமார் 500 சதுரமீற்றர். வருட மழை ஏறக்குறைய 1200 மில்லிமீற்றர். தாராளமாக மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்குகிறது என்று வைத்தால் கிடைப்பது இரண்டு இலட்சம் லீற்றர். ஒரு குடும்பத்தின் குழியைக் கரைக்க ஏழு பரப்புக் காணியின் மழை தேவை.

எங்கள் பேரனாரின் வளவு எட்டுப் பரப்பு. நடுவில் நாற்சார் வீடு, முன்புறம் கிணறு, பின்வேலி ஓரத்தில், பகலில் தனியே போகவே நாங்கள் பயப்படுகிற தூரத்தில், கக்கூஸ். கணக்குத் தெரியாமலே கணக்குச் சரியாக இருந்தது. அவருக்கு நாலு பெண்பிள்ளைகள். சீதனமாக ஆளுக்கு இரண்டு பரப்பு. முதலில் ஒரு கிணற்றுக்கு நாலு பங்கு இருந்தது. பிறகு மோட்டர் வந்தது, பங்கில் சண்டை வந்தது, நாலு கிணறு வந்தது. குழி நாலு ஏற்கனவே வந்துவிட்டது. சின்னம்மா வீட்டுக் கிணறு எங்கள் குழிக்கு 23 அடியில் வந்த கதை இதுதான். சட்டத்தை மீறியவர் என்று இதில் யாரையும் காட்ட முடியாது. ஒவ்வொருவரும் தன் காணிக்குள் தன் குழிக்கும் தன் கிணற்றுக்கும் இடையில் ஐம்பதடி விட்டுத்தான் கட்டினார்கள். மதிலுக்கு அப்பால் அளக்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? எங்களிடம் விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. செப்டிக் தொட்டி எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு இலங்கைத் தரநியமம் 745 இருக்கிறது. முதற்பாகத்தை 2004இலும், பெரிய அமைப்புகளுக்கான இரண்டாம் பாகத்தை 2009இலும் வெளியிட்டார்கள். அறைகள், கொள்ளளவு, உறிஞ்சு குழி அமையும் மண்ணைச் சோதிக்கும் முறை என்று எல்லாம் அதில் உண்டு. கட்டட வரைபடம் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ போகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார், கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ் கிடைக்கும். அதோடு சரி. அந்தச் சான்றிதழுக்குப் பிறகு குழியை எவரும் பார்ப்பதில்லை. வரைபடத்தில் நீலக் கோட்டால் அழகாகக் கீறிய மூன்றறைத் தொட்டி நிலத்துக்குள் போகும்போது அடியில்லாத கொட்டாக மாறுவது மூடிக்கல் வைக்கும் அன்று. அந்த ஒரு நாளில் அதிகாரி அங்கே நிற்க வேண்டும், நிற்பதில்லை. டெங்குவுக்கு நுளம்புக் குடம்பி தேடி அலைகிற மனிதரிடம் ஒவ்வொரு மூடிக்கல்லுக்கும் வந்து நில் என்று கேட்கவும் முடியாது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் தொழிற்சாலையும் ஹோட்டலும் அனுமதிப்பத்திரம் எடுத்துக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். வீட்டுக்கு அது இல்லை. வீட்டுக்கு மிஞ்சுவது 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம். மணம் வந்தால், வீதியில் ஓடினால், அயலவர் முறைப்பட்டால் பரிசோதகர் வழக்குப் போடலாம். இந்தச் சட்டத்துக்கு மூக்கு மட்டும்தான் உண்டு. கீழ்நோக்கி அமைதியாக ஒழுகும் குழி, மணமே இல்லாத குழி, அதன் கண்ணில் நல்ல குழி.

மூக்கின் பலத்தைச் சுன்னாகத்தில் பார்த்தோம். அங்கே மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது சனம் வாளியோடு வீதிக்கு வந்தது, உண்ணாவிரதம் இருந்தது, வழக்குப் போனது. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம், மாசாக்கியவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, கிணற்றுக்காரருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. சரியான தீர்ப்பு. அந்தப் பகுதிக் கிணறுகளில் அதற்கு முப்பது வருடம் முந்தியே நைத்திரேற்று இருந்தது. அதற்கு ஒருவரும் வாளி தூக்கவில்லை. எண்ணெய்க்கு எதிரில் ஒரு கம்பனி நின்றது. நைத்திரேற்றுக்கு எதிரில் நிற்பது சின்னம்மாவும் நானும்.

வெளியில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் அடிபட்ட பிறகுதான் செய்தார்கள். கனடாவின் ஒன்ராறியோவில் வோக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழைக்குப் பின் ஊர்க் கிணற்றுக்குள் மாட்டெரு இறங்கியது. வெடிப்புப் பாறையில் தோண்டிய ஆழமில்லாத கிணறு. குளோரினைக் கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை. ஐயாயிரம் பேர் ஊரில் 2300 பேர் நோயில் விழுந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். விசாரணைக்குப் பிறகு 2006இல் சுத்தநீர்ச் சட்டம் வந்தது. ஊர்க் கிணறுகளைச் சுற்றிய ஆபத்தான வட்டங்களுக்குள் இருக்கும் வீட்டுத் தொட்டிகளை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் சோதிக்கும் ஏற்பாடு அதன் வழி வந்தது. ரொறன்ரோவிலிருந்து எங்கள் சனம் கோடையில் மீன்பிடிக்கவும் இறைச்சி சுடவும் போகும் சிம்கோ ஏரிக்கும் அதே விதி: கரையிலிருந்து 100 மீற்றருக்குள் தொட்டி இருந்தால் ஐந்து வருடத்துக்கு ஒரு சோதனை. மாகாணம் முழுவதும் சோதிக்கவில்லை, ஆபத்தான இடத்தை வட்டம் போட்டுச் சோதிக்கிறார்கள். அதுதான் அதன் கெட்டித்தனம்.

எங்களுக்குக் கிட்டடியான கதை அயர்லாந்து. அதுவும் சுண்ணாம்புக்கல் நிறைந்த நாடு, கிட்டத்தட்ட ஐந்து இலட்சம் வீட்டுத் தொட்டிகள், கட்டியபின் சோதிக்க நாடு தழுவிய சட்டம் எதுவும் அப்போது இல்லை. 2009 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த நாடு கடமை தவறியது என்று தீர்த்தது. 2012இல் சட்டம் போட்டுத் தொட்டிகளைப் பதியச் சொன்னார்கள், கட்டணம் 50 யூரோ. கிராமங்கள் கொதித்தன: நகரத்தானுக்குக் குழாய் அரசாங்கக் காசில், எங்களுக்கு மட்டும் வரியா? அரசாங்கம் முந்திப் பதிபவருக்கு 5 யூரோ என்று இறங்கிவந்தது. அதற்குள் 2012 டிசம்பரில் இரண்டாம் தீர்ப்பு, 20 இலட்சம் யூரோ தண்டம். 2013இல் சோதனை தொடங்கியது. வருடத்துக்கு ஆயிரம் தொட்டி அளவில், ஆற்றுக்கும் கிணற்றுக்கும் கிட்டவாக உள்ளவற்றைத் தெரிந்தெடுத்துப் பார்த்தார்கள். சோதித்தவற்றில் ஏறக்குறைய பாதி தேறவில்லை. ஐந்து இலட்சத்தில் ஆயிரம் என்றால் கடைசித் தொட்டியின் முறை வர ஐந்நூறு வருடம் ஆகும் என்று கேலி செய்யலாம். ஆனால் பதிவேடு ஒன்று வந்துவிட்டது. எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரியும். எங்களிடம் அது கூட இல்லை.

அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலம் 1995இல் வேறொரு வழியைப் பிடித்தது. வீடு கைமாறும்போது சோதனை. விற்பவர் தொட்டியைச் சோதித்து அறிக்கை எடுக்க வேண்டும். பழுதென்றால் திருத்த வேண்டும், அல்லது விலையில் கழிக்க வேண்டும். அதிகாரி வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. காசு கைமாறும் நேரத்தில் இரண்டு தரப்பும் தாமாகவே மூடிக்கல்லைத் திறக்கும். இந்த விதி 28 வருடம் ஓடிய பிறகு அவர்களே ஒரு உண்மையை ஒத்துக்கொண்டார்கள். கேப் கொட் கரையோரக் குளங்களும் கழிமுகங்களும் பாசி பிடித்துப் பச்சையாகிக்கொண்டே போயின. சோதனையில் தேறிய நல்ல தொட்டிகளும் நைதரசனைக் குறையாமல் விட்டுக்கொண்டுதான் இருந்தன. நைதரசனை நீக்குவது தொட்டி செய்கிற வேலை இல்லையே. 2023இல் அந்தப் பகுதிகளுக்கு நைதரசனையும் நீக்கும் அமைப்போ, ஊர் முழுவதற்குமான மாற்றுத் திட்டமோ வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். ஆகவே சோதனை சர்வரோக நிவாரணி இல்லை. கிருமியை மறிக்கும், நைத்திரேற்றுக்கு அது மட்டும் காணாது.

எங்கள் பக்கத்து நாடுகளின் பாடம் இன்னும் கறாரானது. மலேசியாவில் 1994இல் ஒரே நிறுவனத்திடம் கழிவகற்றலை ஒப்படைத்து, தொட்டிகளை முறைவைத்து இறைத்தார்கள். பிறகு வந்த சட்டமாற்றத்தில் முறை நின்று, வீட்டுக்காரர் கூப்பிட்டால் மட்டும் வருவது என்றானது. கூப்பிட்டவர்கள் மிகச் சிலர். திரும்பவும் கட்டாய முறைக்கே மாநிலம் மாநிலமாகப் போனார்கள். மகாராட்டிரத்தின் வாய் என்ற சிறுநகரம் 2018 தொடக்கம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டையும் வரிசையில் இறைக்கிறது, செலவு வீட்டு வரியோடு சேர்ந்து போகிறது. தமிழ்நாடு 2014இல் கழிவுச்சேற்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டு, 2017இல் கருங்குழியில் முதல் சுத்திகரிப்பு நிலையத்தைத் திறந்தது. கோவைப் பக்கத்துப் பெரியநாயக்கன்பாளையத்திலும் நரசிம்மநாயக்கன்பாளையத்திலும் வீடு வீடாக விசாரித்தபோது, வீட்டுக்காரர் செப்டிக் டாங்க் என்று சொன்னவற்றில் தரப்படி கட்டியவை மிகக் குறைவு என்று தெரியவந்தது. எங்கள் கொக்குவில் வீடு தனித்துப் போகவில்லை என்று ஒரு ஆறுதல்.

கருங்குழியைச் சும்மா சொல்லவில்லை. சோதித்து, இறைக்கச் சொல்லிவிட்டால் பவுசர் அதை எங்கே கொட்டும்? கொட்ட ஓர் ஒழுங்கான இடம் இல்லாத ஊரில் சோதனை விதி போட்டால், ஆயிரம் குழிகளில் இருந்ததை ஒரே தரவையில் கொண்டுபோய்க் குவிப்பதுதான் நடக்கும். முதலில் சுத்திகரிப்பு நிலையம், பிறகு பவுசருக்குப் பதிவு, அதற்குப் பிறகுதான் வீட்டு மூடிக்கல். வரிசை மாறினால் எல்லாம் மாறும்.

இன்னொரு கணக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவது பற்றிய நீண்ட இழுபறிக்குப் பின் 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர். குழாய்த் தண்ணீர் வருவதால் கிணற்றைப் பற்றிய கவலை விட்டது என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. குழாய் வந்த வீட்டில் தண்ணீர்ச் செலவு கூடும், கூடிய தண்ணீர் எல்லாம் குழிக்குத்தான் போகும். கழிவுக் குழாய் இல்லாமல் குடிநீர்க் குழாய் மட்டும் வந்தால் கடலிலிருந்து எடுத்த தண்ணீரால் எங்கள் குழிகளைக் கழுவி நிலத்துக்குள் இறக்குவோம்.

என் பங்குக்கு நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. மூடிக்கல் வைக்குமுன் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மேசனும் வீட்டுக்காரரும் போன் கமெராவில் எடுத்து அனுப்பினால் பரிசோதகர் கந்தோரிலிருந்தே பார்க்கலாம். பழைய குழிகளைச் சோதிப்பதென்றால் கார்த்திகை மார்கழியில் சோதிக்க வேண்டும். சித்திரையில் வந்து பார்த்தால் நீர்மட்டம் ஆழத்தில் கிடக்கும், எல்லாக் குழியும் உலர்ந்து நல்லபிள்ளையாக இருக்கும். எங்கள் வீட்டு வண்டவாளம் மழையில்தான் வெளிவந்தது. தூரத்தை மதிலுக்கு அப்பாலும் அளக்க வேண்டும். நெருக்கமான இடங்களில், நாலு வீட்டுக்கு ஒரு பொதுத் தொட்டியும் சின்னச் சுத்திகரிப்பும் போட உதவிப்பணம் வேண்டும். உதவியில்லாத தண்டம் ஏழை வீட்டில்தான் விழும், அயர்லாந்தில் எழுந்த கோபத்தில் அந்த அளவு நியாயம் இருந்தது. எந்தச் சோதனையிலும் ஆள் குழிக்குள் இறங்கக் கூடாது. தடியும் துணியும் போதும்.

எல்லாவற்றையும் விட மசாசுசெட்ஸ் வழி யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். எங்கள் ஊரில் காணி கைமாறாத தலைமுறை இல்லை. சீதனம், நன்கொடை, விற்பனை என்று உறுதி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்காரரில் பாதிப்பேர் வெள்ளவத்தையிலும் ஸ்காபரோவிலும் ஹரோவிலும் இருக்கிறோம்; குழி நிறைந்தாலும் ஒழுகினாலும் எங்களுக்கு மணக்காது. உறுதி எழுத மட்டும் கட்டாயம் வருவோம். எங்கள் பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். கிணற்றில் நாலில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் உரிமை, எல்லைப் பனை எத்தனை என்பது வரை எழுதியிருக்கும். குழியைப் பற்றி ஒரு சொல் இராது.

இந்த வருடம் கொக்குவில் வீட்டை மகளின் பெயருக்கு எழுத வேண்டி வந்தது. குழியைப் புதிதாகக் கட்டி முடித்திருந்தேன், அடி போட்டு, இரண்டு அறையாக, சின்னம்மாவின் கிணற்றிலிருந்து இடம் கிடைத்த மட்டும் தள்ளி. அடி போட்டால் நாலு வருஷத்தில் நிறைந்துவிடும் அண்ணை, யோசிச்சுச் சொல்லுங்கோ என்று மேசன் இரண்டு தரம் எச்சரித்தார். நில அளவையாளர் வந்து காணியை அளந்து படம் கீறினார். வீட்டுக்குக் கட்டம், கிணற்றுக்கு வட்டம், மதிலுக்கு இரட்டைக் கோடு. குழியையும் போடுங்கோ என்றேன். பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அதுக்கு என்ன அடையாளம் போடுறது?” என்று கேட்டார்.